கிழவர் லைன்

துலோன், பிரான்ஸ்
9 அக்டோபர் 2004

தையல்நாயகி அக்காவுக்கு அஞ்சலாட்சி எழுதுவது.

நலமா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். கேட்டுவிட்டேன். நான் நலமாக இல்லை.

பிளேன் ஏறி இரண்டு மாதம் ஆகிறது. அவருக்கு இருதயத்தில் அடைப்பு, இங்கே ஆஸ்பத்திரியில் காட்டினால் சரியாகிவிடும் என்று அவர் மகள் மர்த் கூப்பிட்டதும், பெண்டாட்டி இல்லாமல் வரமாட்டேன் என்று அவர் போனில் கத்தியதும் உங்களுக்கு நினைவிருக்கும். உப்பளம் வீட்டில் அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. இங்கே வந்ததிலிருந்து அந்த மனிதரைக் காணவில்லை. ஏர்போர்ட்டிலேயே பிரெஞ்சுக்கு மாறிவிட்டார். என்னிடம் இப்போது பேசுகிற தமிழெல்லாம் "தண்ணி", "செருப்பு", "கதவ சாத்து".

வீடு ஆறாவது மாடியில். அவருக்கு ஓர் அறை, மர்த்துக்கும் அவள் புருஷனுக்கும் ஓர் அறை, அவள் மகன் தியரிக்கு ஓர் அறை. எனக்கு ஹாலில் சோபா. ஒரே கட்டிலில் இரண்டு பேர் படுத்தால் அப்பாவுக்கு மூச்சு முட்டும் என்று மர்த் சொல்லிவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாலைந்து பேர் சாப்பிட வந்தார்கள். மர்த் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள், எல்லாரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். மூன்றாவது மாடியில் நம் ஊர்ப் பெண் அனைஸ் இருக்கிறாள், அவளும் வந்திருந்தாள். பிறகு அவளிடம் கேட்டேன். "அப்பாவ பாத்துக்கறதுக்கு ஊர்லேர்ந்து கூட்டியாந்த பொம்பளன்னாங்க" என்றாள். அவரும் அந்த மேசையில்தான் இருந்தார். இல்லை, இவள் என் பெண்டாட்டி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

டெலிபோன் நான் படுக்கிற ஹாலில்தான் இருக்கிறது. ஆனால் மர்த் எப்போதும் அந்தப் பக்கமே இருக்கிறாள், எதையும் பேச முடியாது. பதிலை அனைஸ் விலாசத்துக்குப் போடுங்கள், பின்னால் எழுதியிருக்கிறேன்.

ஒரே கேள்விதான் அக்கா. ஊருக்கு வந்துவிடட்டுமா?

அஞ்சலாட்சி


நெல்லித்தோப்பு
2 நவம்பர் 2004

அஞ்சலாட்சிக்கு,

வராதே.

வந்தால் உன் அண்ணன் பெண்டாட்டி உன்னை எந்த மூலையில் படுக்க வைப்பாள் என்று எனக்குத் தெரியும். அந்த மூலைக்குத் துலோன் சோபா எவ்வளவோ மேல்.

உனக்கு வாயால் சொன்னதையே இப்போது எழுத்தில் சொல்கிறேன். பிரெஞ்சுப் பென்ஷன்காரரைக் கட்டியவள் நாலு வருஷம் அவருக்குப் பெண்டாட்டியாக இருந்துவிட்டால், அவருக்குப் பிறகு அந்தப் பென்ஷனில் பாதி அவள் சாகும்வரை அவளுக்கு வரும். நாலு முடிந்த பிறகு அவரே உன்னைத் தள்ளிவைத்தாலும் அந்த உரிமை போகாது. நாலு முடிவதற்குள் அவர் செத்தாலும், நீ விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும், கட்டிய சேலையோடு வரவேண்டியதுதான். இது மர்த்துக்கும் தெரியும். உன்னைச் சோபாவில் போட்டிருப்பது இடம் இல்லாமல் அல்ல, நீயாக ஓடிவிட வேண்டும் என்று. ஓடாதே.

நான் இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தேன் என்று உனக்கு முழுசாகத் தெரியாது. மில்லை மூடிய வருஷம் என் புருஷன் சொல்லாமல் போய்விட்டான். சேலை மூட்டையைத் தலையில் வைத்துத் தவணைக்கு விற்றேன். வீடு வீடாகப் போனதில் ஒன்று தெரிந்தது. இந்த ஊரில் காக்காய்க்கு அடுத்தபடி கல்யாணத் தரகர்கள்தான். பிரெஞ்சுப் பிரஜை மாப்பிள்ளை என்றால் எல்லாரும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். இராமதாஸ் கார் வைத்திருந்தான், ஆல்பம் வைத்திருந்தான். அந்த வாசலில் மூட்டைக்காரியை யார் விடுவார்கள்? கொல்லைப்பக்கம் போனேன். அங்கே கிழவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்டாட்டி செத்து, பிள்ளைகள் பிரான்சில் இருந்து, கஞ்சி வைக்க ஆளில்லாத சொல்தாக்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சண்டைக்குப் போய்ப் பென்ஷன் வாங்கி வந்தவர்கள். அவர்களுக்குப் பெண் பார்க்கிறேன் என்றால் பிள்ளைகள் சாபம் விடுவார்கள், ஊர் காறித் துப்பும். அதனால் எந்தத் தரகனும் தொடவில்லை. எவனும் தொடாத சரக்குக்குப் போட்டி இல்லை. நான் தொட்டேன். வேறு எதையும் தொடமாட்டேன் என்று வாயாலேயே சொன்னேன். "தையல்நாயகியா, கிழவருக்குத்தான் பாப்பா" என்று பேர் வந்தது. அசிங்கமான பேர்தான். ஆனால் ஊர் முழுக்கத் தெரிந்த பேர்.

வழியும் நானே கண்டுபிடித்தேன். சர்ச்சில் வைத்தால் சாமியார் மூலம் பிள்ளைகளுக்குப் போய்விடும். அதனால் முதலில் அம்மன் கோயிலில் தாலி. பிள்ளைகள் கேள்விப்பட்டால் அப்பா சமையல்காரிக்கு மஞ்சள் கயிறு கட்டினார் என்று சிரித்துவிட்டு விடுவார்கள். ஒரு வருஷம் சத்தம் போடாமல் இருந்து, அடுத்த தை மாதம் மேரி ஆபீசில் கல்யாணத்தைப் பதிந்து கையெழுத்து. மர்த் முழித்துக்கொண்டபோது நீ மதாம் ஆகிவிட்டாய். உனக்கு முன்னால் முடித்த இரண்டில் ஒரு கிழவர் பத்து மாதத்தில் போய்விட்டார், இன்னொருவரைப் பிள்ளைகள் கலைத்துவிட்டார்கள். நீதான் என் போர்டு. நீ விழுந்தால் என் கடைக்கு ஒருத்தியும் வரமாட்டாள். ஆகையால் உன்மேல் பாசம் என்று நினைக்காதே, நினைத்தாலும் பரவாயில்லை.

மாத்திரையை உன் கையால் கொடு. உப்பு உன் கையைத் தாண்டக் கூடாது. அவர் உயிர்தான் உன் முதல். முதலை யாராவது அடுத்தவர் கையில் கொடுப்பார்களா?

தையல்நாயகி


துலோன்
20 பிப்ரவரி 2005

அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். அதனால் இந்த வீட்டில் அவருக்குப் பிடிக்காத ஒரே ஆள் நான்தான்.

டாக்டர் உப்பே கூடாது என்றார். மர்த் காலையில் பன்றித் தொடையை மெல்லிசாகச் சீவித் தட்டில் வைக்கிறாள், பக்கத்தில் சீஸ். எல்லாம் உப்பு. நான் எடுத்து ஒளித்து வைத்தால், பாவம் வயசான மனுஷன், நாக்குக்குச் செத்துக்கொண்டிருக்கிறார் என்று திரும்பவும் கொண்டுவந்து வைக்கிறாள். அவள் கொல்லப் பார்க்கிறாளா, அப்பா மேல் ஆசையா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும் இருக்கலாம். போன வாரம் கருவாட்டுக் குழம்பு கேட்டார். ஆறு மாதத்தில் என்னிடம் அவர் ஆசையாகக் கேட்டது அது ஒன்றுதான். முடியாது என்றேன். கைத்தடியால் முழங்கையில் போட்டார்.

"உப்பு கேட்டா குடுக்க மாட்டேங்கற, நீ இன்னா பொண்டாட்டியா எமனா?"

"எமனுக்கு நான்தாங்க எதிர்க்கட்சி" என்றேன்.

சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்குக் கோபம் வந்து தட்டைத் தள்ளினார்.

ஒன்றை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உங்களிடம் என்ன வெட்கம். உப்பளத்தில் எனக்கு இவரைப் பிடித்திருந்தது. மாலையில் ஸ்டேடியம் பக்கம் நடந்துவிட்டு வரும்போது இரண்டு முழம் பூ வாங்கி வருவார். முதல் சம்சாரம் குறட்டை விடுவதை நடித்துக் காட்டுவார். இப்போது அவரைப் பார்த்தால் எனக்கு மனிதர் தெரிவதில்லை, மாதங்கள் தெரிகின்றன. இருமினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அவருக்காக அடித்துக்கொள்கிறதா என்று கேட்டால் என்னால் சத்தியம் பண்ண முடியாது.

இதற்கு நடுவில் உங்களுக்கு ஒரு நல்ல சேதி. தியரிக்கு இருபத்தொன்பது. மர்த் ஊர்ப் பெண்ணாகப் பார்க்கிறாள். இராமதாஸிடம் கொடுக்கலாம் என்று புருஷனிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், இராமதாஸ் காட்டுகிற பெண்ணெல்லாம் நாலு வீட்டில் காட்டிய பெண், எங்கள் தையல்நாயகி அக்கா மாதிரி வீட்டுக்குள்ளே போய்ப் பார்க்கிற ஆள் கிடையாது என்றேன். மர்த் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "உனக்கு அப்பாவப் புடிச்சுக் குடுத்தவதானே" என்றாள். ஆனால் உங்கள் விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

நான் செய்தது சரிதானே?

அஞ்சலாட்சி


நெல்லித்தோப்பு
14 மார்ச் 2005

அன்புள்ள அஞ்சலாட்சிக்கு,

சரி என்றா கேட்கிறாய்? இத்தனை வருஷத்தில் எனக்கு ஒருத்தரும் செய்யாததை நீ செய்திருக்கிறாய்.

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இராமதாஸ் இலை தாண்டிப் போகிறவன் நின்று, நாலு பேர் காதில் விழ, "அக்கா, இன்னிக்கு எந்தத் தாத்தாவுக்குப் பொண்ணு பாக்க வந்த?" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சோற்றை மறந்து சிரித்தார்கள். கொல்லைப்பக்கமாக நுழைந்தால் ஒருநாள் கூடத்துக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கிழவருக்கு முடித்துக் கொடுத்த வீட்டில் பேரனுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று நம்பினேன். கூப்பிடவில்லை. கிழவன் கல்யாணத் தரகி பார்த்த பெண் என்றால் சபையில் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். எந்தப் பேரால் பிழைத்தேனோ அந்தப் பேரே கூடத்து வாசலில் என்னை நிறுத்துகிறது.

ஒரே ஒரு இளம் மாப்பிள்ளை போதும். பிரான்சில் வேலையில் இருக்கிற பையன், சர்ச்சில் கல்யாணம், கடற்கரைப் பக்கம் பெரிய ஓட்டலில் விருந்து. அதை நான் முடித்தேன் என்று ஊர் பார்த்துவிட்டால் இராமதாஸ் இலைக்கு நான் தண்ணீர் தெளிக்க வேண்டியதில்லை. தியரிக்கு என்ன வேலை, குடிப்பானா, வெள்ளைக்காரச் சிநேகிதி யாராவது உண்டா, எல்லாம் எழுது.

இன்னொன்று. மர்த்தோடு மல்லுக்கு நிற்காதே. ஒரு துண்டு பன்றித் தொடையால் யாரும் செத்துப்போக மாட்டார்கள். கொஞ்சம் விட்டுக்கொடு.

உன் அக்கா
தையல்நாயகி


துலோன்
3 ஜூலை 2005

அக்காவுக்கு,

தியரியைப் பற்றி இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. பதில் மர்த்துக்கு வந்திருக்கிறது.

நேற்று அவள் மேசைமேல் ஐந்து பெண்களின் போட்டோவைப் பரப்பி வைத்திருந்தாள். உங்கள் கையெழுத்து உறைமேல் தெரிந்தது. உன் அக்கா நல்ல விவரமான ஆள் என்று சிரித்தாள். பிறகு, தியரி ராத்திரி டியூட்டி முடிந்து வரும்போது அடிக்கிற மது வாசனையைப் பற்றிக்கூட அவளுக்குத் தெரிந்திருக்கிறதே, யார் எழுதினார்கள் என்று கேட்டாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டேன்.

எனக்கு எழுதாமல் அவளுக்கு ஏன் எழுதினீர்கள் என்று கேட்கவில்லை. வியாபாரம் வியாபாரத்துக்குத்தான் எழுத வேண்டும். ஆனால் என்னைப் பற்றி எதுவும் எழுதினீர்களா? நாலு வருஷம் முடியும்வரை நான் பிடிவாதமாக இருப்பேன் என்று உங்களிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். இப்போது மர்த், "தை மாசம் வரைக்கும் ஓட்டப் போறியாமே" என்கிறாள்.

ஆகஸ்டில் அவளும் தியரியும் ஊருக்கு வருகிறார்கள். நானும் அவரும் இங்கே.

அஞ்சலாட்சி


நெல்லித்தோப்பு
11 செப்டம்பர் 2005

அஞ்சலாட்சிக்கு,

வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்தது. பெண் பேர் செந்தமிழ்ச்செல்வி. காலேஜ் முடித்தவள், அலியான்ஸில் பிரெஞ்சு படிக்கிறாள். அப்பாவுக்கு உப்பளத்தில் மரக்கடை. மூன்று தரகர்கள் அந்த வீட்டுக்கு அலைந்தார்கள். நான் சேலை விற்ற காலத்தில் அவள் அம்மாவுக்குப் பிரசவ வலி வந்தபோது ரிக்‌ஷா பிடித்து ஏற்றிவிட்டவள் நான். அதை இருபத்துமூன்று வருஷம் கழித்து எடுத்துச் செலவு செய்தேன்.

மர்த் கெட்டிக்காரி. என் வீட்டுக்கே வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, டீ குடித்தாள். உன்னைப் பற்றிப் பேச்சு வந்தது. அவள் நல்லபடியாக ஊர் திரும்பிவிட்டால் எல்லாருக்கும் நல்லது, கல்யாண வீட்டில் இரண்டாவது மாமியார் மாதிரி ஒருத்தி நின்றால் பெண் வீட்டார் கேள்வி கேட்பார்கள் என்றாள். அது நியாயம்தான். நான் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

முடிவு அவள் கையில் இருக்கிறது. டிசம்பரில் சொல்கிறேன் என்று போயிருக்கிறாள்.

மாத்திரையைப் பார்த்துக் கொடு.

தையல்நாயகி


துலோன்
18 டிசம்பர் 2005

அக்காவுக்கு,

மர்த் என்னை உட்காரவைத்துப் பேசினாள். காபி அவளே போட்டாள்.

தியரிக்கு வைகாசியில் கல்யாணமாம். அதற்குள் நான் சம்மதத்தோடு விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். ஜட்ஜ் முன்னால் இரண்டு பேரும் சரி என்றால் முடிந்துவிடுமாம். டிக்கெட் அவள் செலவு. உப்பளம் வீட்டில் கீழ்ப்பகுதியை எனக்கு விட்டுவிடுவாளாம், சாகும்வரை இருக்கலாமாம். அவரிடம் கேட்டேன். டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். "மர்த் சொல்றத செய்யி" என்றார். அவ்வளவுதான்.

நான் களைத்துவிட்டேன் அக்கா. கால் வீக்கத்துக்கு எண்ணெய் தடவும்போது அவர் என் பேரை மறந்து முதல் சம்சாரத்தின் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். அதற்கும் பதில் சொல்லிப் பழகிவிட்டது.

இப்போது நான் கேட்பதற்கு யோசித்துப் பதில் எழுதுங்கள். வீராம்பட்டினத்தில் தாலி ஏறியது 2002 தை. வருகிற தையோடு நாலு வருஷம் முடிகிறது. அதற்குப் பிறகு விவாகரத்து ஆனாலும் உரிமை போகாது என்று நீங்கள்தான் எழுதினீர்கள், அந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். அப்படியானால் பிப்ரவரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம் அல்லவா? அனைஸ்தான் குழப்புகிறாள். "தாலி கட்டின நாளா, மேரி ஆபீஸ்ல கையெழுத்து போட்ட நாளான்னு எங்கனா போயி கேளுங்க, இங்க அவங்களுக்குத் தாலின்னா இன்னான்னே தெரியாது" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. தாலி ஏறாமல் யாராவது ஒரு வருஷம் ஒருத்தர் வீட்டில் பெண்டாட்டியாக இருப்பார்களா? கல்யாணம் நடந்ததைத்தானே மறு வருஷம் ஆபீசில் எழுதினோம். குழந்தை பிறந்து ஒரு வருஷம் கழித்துப் பதிந்தால் ஒரு வயசு குறைந்தா போய்விடும்?

இருந்தாலும் அவள் சொன்னது உறுத்துகிறது. அவள் எனக்காக லீவு போட்டு ஆபீசுக்கு வருவதாகச் சொல்கிறாள். போகவா, வேண்டாமா? உங்கள் ஒரு வார்த்தை போதும்.

அஞ்சலாட்சி


நெல்லித்தோப்பு
5 ஜனவரி 2006

அஞ்சலாட்சிக்கு,

தாலி ஏறியது 2002 தை மாதம்தான். வீராம்பட்டினமே பார்த்தது. நானே பக்கத்தில் நின்று அட்சதை போட்டேன்.

யார் யாரையோ கூட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீசாகப் போய் விஷயத்தைக் கலைக்காதே. நீ போய்க் கேட்டது மர்த் காதுக்குப் போனால் கீழ்ப்பகுதியும் இல்லை என்பாள். களைத்துவிட்டேன் என்கிறாய். களைத்தவள் வீட்டுக்கு வரவேண்டியதுதான்.

தியரி கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பத்திரிகை அடிக்கக் கொடுத்திருக்கிறது.

தையல்நாயகி


வீராம்பட்டினம்
26 பிப்ரவரி 2007

தையல்நாயகி அம்மாவுக்கு,

மூன்று தடவை உங்கள் வீட்டுக்கு வந்தேன். இரண்டு தடவை கதவு திறக்கவில்லை, ஒரு தடவை நீங்கள் குளித்துக்கொண்டிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் கிளம்பும்வரை குளித்தீர்கள். அதனால் ஒரே ஊரில் இருந்துகொண்டு தபால் போடுகிறேன்.

அவர் இந்த மாதம் பத்தாம் தேதி காலமானார். அனைஸ் போன் பண்ணினாள். அடக்கம் பண்ணி நாலு நாள் கழித்துத்தான் அவளுக்கே தெரிந்ததாம்.

எல்லாம் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரியாதது ஏதாவது இருந்தால். நான் பிப்ரவரியில் கையெழுத்துப் போட்டேன். மே மாதம் ஜட்ஜ் முன்னால் முடிந்தது. மொழிபெயர்க்கிறவர் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றேன். ஜூனில் வந்து பார்த்தால் உப்பளம் வீட்டுக் கீழ்ப்பகுதியில் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அண்ணன் வீட்டில் மீன் கூடைக்குப் பக்கத்தில் படுக்கிறேன். அதெல்லாம் போகட்டும், பென்ஷன் உரிமை இருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் போன சேதி வந்ததும் காகிதங்களை எடுத்துக்கொண்டு பென்ஷன் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். கல்யாணம் 2003 ஜனவரி, விவாகரத்து 2006 மே, நாலு ஆகவில்லை, உங்களுக்கு ஒன்றும் இல்லை என்றாள். தாலியைச் சொன்னேன். "அது எங்களுக்குக் கணக்கில்லம்மா" என்றாள்.

வழியெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் கையெழுத்துப் போடாமல் அந்தச் சோபாவிலேயே கிடந்திருந்தால் இந்த ஜனவரியோடு நாலு முடிந்திருக்கும். அவர் போனது பிப்ரவரி. எனக்காகக் காத்திருந்துவிட்டுத்தான் போயிருக்கிறார், தெரியாமலே.

நான் கிளம்பிய அன்று வாசல்வரை தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். ஜட்ஜ் முன்னால் என்ன நடந்தது என்பது அவர் மண்டையில் ஏறியிருக்கவில்லை. தமிழில் பேசினார். "மாத்திர எங்க வெச்சிருக்க?" என்றார். இடத்தைச் சொன்னேன். "எப்ப வருவ?" என்றார். லிஃப்ட் வந்துவிட்டது.

எனக்கு ஒரு வரி பதில் போதும். கையெழுத்துத் தேதிதான் கணக்கு என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

அஞ்சலாட்சி


நெல்லித்தோப்பு
10 மார்ச் 2007

அஞ்சலாட்சிக்கு,

தெரியும்.

ஒரு வரி கேட்டாய், கொடுத்துவிட்டேன். மற்றது நீ கேட்காதது, நானாகச் சொல்வது.

என் கடிதத்தை எடுத்துப் படித்துப் பார். பொய் ஒன்றும் எழுதவில்லை. தாலி ஏறியது தை என்று எழுதினேன், ஏறியது தைதான். மர்த் என் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னது இதுதான்: உன் கையெழுத்து வந்தால் தியரி கல்யாணம் எனக்கு, வராவிட்டால் இராமதாஸுக்கு. ஒரு பக்கம் நீ. இன்னொரு பக்கம் நான் சேலை மூட்டை சுமந்த நாளிலிருந்து தட்டிய கதவு. நீ என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்கமாட்டேன். நீ என் இடத்தில் இல்லை, அதனால்தான் நீ அங்கே போனாய், நான் அனுப்பினேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டால் உனக்கு என்ன வரும்? ஒன்றும் வராது. வருகிற மாதிரி ஒன்று சொல்கிறேன். தியரி கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு இளம் மாப்பிள்ளை வீட்டு வேலைகள் வர ஆரம்பித்திருக்கின்றன. கிழவர் லைனைப் பார்க்க நேரமில்லை. உப்பளத்தில் பாவாடை என்று ஒரு பென்ஷன்காரர், எண்பத்தொன்று, பிள்ளை குட்டி கிடையாது. உனக்கு வேண்டுமானால் முடித்துத் தருகிறேன், கட்டணம் வேண்டாம். இந்தத் தடவை கையெழுத்தை முதலில் வைத்துக்கொள். உனக்கு நாற்பது ஆகப்போகிறது, முகம் வாடியிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அவருக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது.

யோசித்து எழுது.

தையல்நாயகி


நெல்லித்தோப்பு
22 ஜனவரி 2008

அஞ்சலாட்சிக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. பரவாயில்லை.

பாவாடை ஐயாவுக்குக் கன்னியம்மாள் என்கிற பெண்ணை நீ முடித்து வைத்தாய் என்று கேள்வி. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு. என் வீட்டு வாசல்வரை வந்த பெண்கள்கூட, வீராம்பட்டினத்தில் ஒருத்தர் இருக்கிறாராமே, அவரைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று பஸ் ஏறிப் போகிறார்கள். திரும்பி வருவதில்லை. என்ன சொல்லி மயக்குகிறாய்?

எனக்கும் நிலைமை முன்போல் இல்லை. மர்த் தன் சொந்தக்காரர்களிடம் என்னைப் பற்றிச் சொன்னது என் காதுக்கு வந்தது. "கெட்டிக்காரிதான், ஆனா தன்ன நம்பினவளயே வித்தவ, பாத்து நடந்துக்குங்க" என்றாளாம். விற்றதை வாங்கியவள் அவள். இராமதாஸ் அதை மண்டபம் மண்டபமாகச் சொல்லிச் சிரிக்கிறான். தியரிக்குப் பிறகு இரண்டு கல்யாணம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

நீயும் நானும் சேர்ந்தால் என்ன? எனக்கு வீடுகள் தெரியும், உன்னைப் பெண்கள் நம்புகிறார்கள். வயசாகிறது, முட்டி வலிக்கிறது. தனியாக இருப்பது முன்னே மாதிரி சுலபமாக இல்லை. கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

உன் அக்கா
தையல்நாயகி


வீராம்பட்டினம்
9 பிப்ரவரி 2008

தையல்நாயகி அம்மாவுக்கு,

மயக்கவில்லை. என்னைப் பற்றிய கதை நெல்லித்தோப்பில் தெரிந்ததும், உங்களிடம் வர இருந்த பெண்கள் அது நிஜமா என்று கேட்க என்னிடம் வந்தார்கள். நிஜம் என்றேன். திரும்பிப் போகாமல் உட்கார்ந்துவிட்டார்கள். நீங்கள் யாரும் தொடாத கிழவர்களைப் பிடித்தீர்கள். நான் அதிலும் ஒரு மூலையைப் பிடித்தேன். ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்த பெண்ணுக்கு மட்டும்தான் பார்க்கிறேன், வேறு யார் வந்தாலும் அனுப்பிவிடுகிறேன். தாலி எப்போது வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும், கையெழுத்து அன்று நான் ஆபீசில் பக்கத்தில் நிற்பேன். அவ்வளவுதான் என் தொழில். அந்த மூலை சின்னது என்று நினைத்தேன். இந்த ஊரில் அது பெரிசாகத்தான் இருக்கிறது.

மர்த் எனக்கும் எழுதியிருக்கிறாள். அவள் நாத்தனார் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டுமாம், என்னைப்போல் நாணயமான ஆள் கிடையாதாம். இன்னும் பதில் போடவில்லை. போடுவேன். அவள் உப்பளம் வீட்டுக் கீழ்ப்பகுதியைப் பற்றி முதலில் பேசவேண்டும்.

கூட்டு வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த வீடுகள் எனக்கும் தெரியும், சேலைத் தவணை வாங்க நீங்கள் போன எல்லாத் தெருவிலும் இப்போது நான் போகிறேன்.

தனியாக இருப்பது சுலபமாக இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். நீங்களும் ஒருமுறை ஏமாந்தவர்தான், புருஷன் சொல்லாமல் போனவர். என் மூலையில் உங்களுக்கும் இடம் உண்டு. முத்தியால்பேட்டையில் ஒரு பென்ஷன்காரர் இருக்கிறார், எண்பத்தாறு. கொஞ்சம் கை நீளும், தடி வைத்திருக்கிறார். படுக்கையிலேயே ஒன்றுக்குப் போய்விடுவதும் உண்டு. சமையலில் உப்புக் கூடாது. உங்கள் வயசில் அவருக்கு ஆட்சேபம் இல்லை, நான் கேட்டுவிட்டேன்.

நாலு வருஷம் அவரை உயிரோடு வைத்துக்கொள்ள வேண்டும். வைகாசியில் கையெழுத்து வைத்துக்கொள்ளலாம். பழைய புருஷனைப் பற்றிய காகிதம் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வாருங்கள். கதவு திறந்திருக்கும்.

அஞ்சலாட்சி